என் டயர்களுக்கு விழுந்த சிவப்புக் கோடு

உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் திருப்பி அனுப்பத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில், என் டயர் கடைக்கு எதிர்ச் சந்தில் குடியிருக்கிறார். பெற்றவர்கள் ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். எங்களுக்கு அவர் ரிஜெக்ட் சார்.

பீன்யாவில் பேரிங் செய்யும் ஒரு ஃபேக்டரியில் வேலைக்காலம் முழுக்கப் பரிசோதகராக இருந்தவர். வந்த உருப்படியைக் கையில் உருட்டிப் பார்ப்பார். குறை இருந்தால் சிவப்புச் சாக்பீஸால் ஒரு கோடு. குறை இல்லாவிட்டால் ஒன்றும் கிடையாது. பாராட்டுவதற்கென்று அவரிடம் தனிச் சாக்பீஸ் இல்லை. ரிடையர் ஆன அன்று மாலை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், சாக்பீஸைத் திருப்பி வாங்க மறந்துவிட்டார்கள். அந்த மறதியைத் தெருவோடு சேர்ந்து நாங்கள் அனுபவிக்கிறோம்.

நின்றபடியே சாப்பிடும் மெயின் ரோட்டு தர்ஷினி ஓட்டலில் ஒரு நாள் அவர் பக்கத்தில் நின்று டிபன் சாப்பிட்டேன். மனிதர் உளுந்து வடையை எடுத்து, கண்ணுக்கு நேரே தூக்கி, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

“ஓட்டை சென்டர்ல இல்ல.”

“சார், அது வடை சார்.”

“வடைன்னா சென்டர் வேணாமா?”

தட்டின் ஓரத்தில் சிவப்புக் கோடு. வடையைத் தின்றாரா என்று கேளுங்கள். தின்றார். இன்னொன்று வாங்கி அதையும் ரிஜெக்ட் செய்து தின்றார்.

என் மகள் கல்யாணத்தில் அவரை மேடைப் பக்கம் விடக்கூடாது என்று தனியாக ஒரு ஆளையே போட்டிருந்தேன். அப்படியும் ஆல்பம் வந்தபோது பார்க்கிறோம், மாப்பிள்ளையின் கோட்டு முதுகில் சிவப்புக் கோடு. கேட்டதற்கு, “தையல் ஒரு பக்கம் ஏறியிருக்குது, அதுக்குத்தான் போட்டேன். பையன் பத்தி நான் ஒண்ணும் சொல்லல” என்றார். என் சம்பந்தி அம்மாள் இன்றுவரை அதை நம்பவில்லை.

இதையெல்லாம் நான் பொறுத்தேன். என் டயரில் கை வைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

நான் நாலாங்கிளாஸ் தாண்டாதவன். திருப்பத்தூரிலிருந்து ஒரு காற்றடிக்கும் பம்போடு இந்த ஊருக்கு வந்து, நடைபாதையில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டியவன். இன்று சொந்தக் கட்டடம், வாசலில் விளக்குப் போட்ட போர்டு. பெரிய பெரிய ஐ.டி. கம்பெனி ஆட்கள் லட்சக்கணக்கில் சைக்கிள் வாங்கிக்கொண்டு, “ஆறுமுகம் அண்ணா, டயர் நீங்களே சொல்லுங்க” என்று கைகட்டி நிற்கிறார்கள். டயரை நான் முகர்ந்தே வயது சொல்வேன். அப்படிப்பட்ட என் கடைக்கு இந்த மனிதர் ஒரு டப்பா நிறையக் கருவேல முள்ளோடு வந்தார்.

விஷயம் இதுதான். அறுபதைத் தாண்டிய வயதில் ரிஜெக்ட் சார் கரண்டில் ஓடும் மலை சைக்கிள் ஒன்று வாங்கியிருந்தார். மலை ஏறும் ஆசை எல்லாம் இல்லை. ஃபேக்டரியில் அவரோடு வேலை பார்த்த தேவராஜ் என்ற கடைசல் பிடிக்கும் டர்னர், நெலமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மேட்டில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். தார் ரோடு கீழேயே முடிந்துவிடும். அதற்கு மேல் கல்லும் முள்ளும்தான். அந்த மேட்டில் நடக்க ரிஜெக்ட் சாருக்கு முட்டி ஒத்துழைக்காது. ஆட்டோக்காரர்கள் யாரும் வரமாட்டார்கள்.

தேவராஜுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. கைக்கு வேலை கொடுக்கச் சொல்லி டாக்டர் தந்த ரப்பர் பந்தை அவர் வேலிக்கு வெளியே எறிந்துவிட்டார். ரிஜெக்ட் சார் போய் மரக்கட்டையும் அரமும் கொடுத்து, “பம்பரம் செய்டா, பார்க்கலாம்” என்றார். ஞாயிற்றுக்கிழமைதோறும் போவார். பம்பரத்தைத் தரையில் சுற்றிவிட்டுப் பார்ப்பார். தலை ஆடினால் சிவப்புக் கோடு. தேவராஜுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். திட்டுவார். திட்டிக்கொண்டே அடுத்த கட்டையை எடுப்பார்.

“நான் போகலன்னா அவன் கைய மடியில வச்சிட்டு உட்கார்ந்துடுறான்யா” என்றார் ரிஜெக்ட் சார். “போன வாரம் வழியில டயர் போச்சு. வண்டி என்னா கனம்! தள்ளவும் முடியல, தூக்கவும் முடியல. டெம்போ பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டேன். அவன் கேட்டையே பாத்துக்கினு இருந்தானாம். அன்னைலருந்து அரத்தத் தொடல.”

என் நெஞ்சு கொஞ்சம் இளகத்தான் இளகியது. அடுத்த நொடியே அந்த ஆள் டப்பாவைத் திறந்து ஒரு முள்ளை எடுத்து என் புது டயரில் குத்தினார்.

“சார், கைய எடுங்க! விக்கிற சரக்கு!”

“இறங்குதே.”

“நீங்க குத்தினா இறங்காதா?”

“ரோட்டுல மட்டும் முள்ளு உன்கிட்ட பர்மிஷன் கேட்டுட்டா குத்தும்?”

சிவப்புக் கோடு. அடுத்த டயர், பக்கச் சுவர் பிஸ்கட் மாதிரி மெலிசாம். கோடு. அதற்கடுத்தது, மேலே புடைத்து நிற்கும் ரப்பர் பட்டன்கள் பார்க்க அழகாக இருக்கிறதாம், அழகாக இருப்பது உழைக்காதாம். கோடு. வாசலில் மாட்டியிருந்த வரிசை முழுக்கக் கோடு. அந்த நேரம் பார்த்து ஒரு இளம் தம்பதி உள்ளே வந்து, “அங்கிள், இந்த ரெட் மார்க் போட்டதெல்லாம் ஆஃபரா?” என்று கேட்டார்கள். என் மெக்கானிக் நஞ்சுண்டன் சிரித்துவிட்டான். அவனை அன்று முழுக்க நான் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உள்ளே போய் நானே ஒரு ஜோடி எடுத்து வந்து அவர் முன்னால் போட்டேன். மலை சைக்கிளுக்கு டயர் என்றால் பட்டன் பெரியதா என்று மட்டும்தான் ஊரில் பார்க்கிறார்கள். கரண்டு வண்டிக்கு அது பத்தாது. பேட்டரி, மோட்டார் என்று வண்டியே பாரம். மோட்டார் இழுக்கிற இழுப்பில் பின் டயர் சீக்கிரம் மொட்டையாகும். அதனால் பின்னால் கெட்டி ரப்பர், முன்னால் ரோட்டைப் பிடிக்கிற மெது ரப்பர். கல்லில் உரசினாலும் கிழியாத தடித்த பக்கச் சுவர். ட்யூபே கூடாது; டயருக்குள் பால் மாதிரி ஒரு திரவம் ஊற்ற வேண்டும். முள் ஏறினால் அது ஓடிப்போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். இதெல்லாம் புத்தகத்தில் படித்ததல்ல. கெட்டுப்போன டயர்களை அறுத்து அறுத்துப் பார்த்தவன் நான்.

அவர் குத்தினார். முள் வளைந்தது. இன்னொரு முள். அது ஒடிந்தது. சுவரைப் பிதுக்கினார், மடக்கினார், காதில் வைத்துத் தட்டினார். சாக்பீஸ் பையை விட்டு வெளியே வரவில்லை. எனக்கு யாரும் பட்டம் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. வண்டியில் டயரை மாட்டி, பால் ஊற்றி, காற்றடித்து, வழக்கம்போலச் சக்கரத்துக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தேன். என் கடையிலிருந்து எந்தப் புது டயரும் எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் ரோட்டுக்குப் போனதில்லை. அது என் தொழில் மரியாதை.

“இது எதுக்கு?”

“திருஷ்டி சார். ஏத்தி இறக்குங்க.”

“ஆசிட்யா அது! புது ரப்பர்ல போய் ஆசிட்டத் தேய்ப்பாங்களா?”

“சார், ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் எலுமிச்சம்பழத்து மேல ஏறித்தான் போகுது.”

“அதான் ஊரெல்லாம் பஞ்சர்.”

குனிந்தார். எலுமிச்சம்பழத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டார். சாமி பொருள்! நஞ்சுண்டன் “தேவரே!” என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பழத்தை நசுக்காமல் வண்டி போகாது என்று நானும், நசுக்கினால் டயர் வேண்டாம் என்று அவரும் நடு வாசலில் நின்று கத்தியதில் பி.எம்.டி.சி. பஸ்ஸே நின்று பார்த்துவிட்டுப் போனது.

கடைசியில் அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, பக்கத்துப் பூக்கடையில் ஒரு எலுமிச்சம்பழம் மிளகாய்ச் சரம் வாங்கி, அவர் கண்ணில் படாதபடி சீட்டுக்கு அடியில் என் கடை மஞ்சள் நூலால் கட்டிவிட்டேன். நசுக்கத்தானே கூடாது? தொங்கலாம் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை நானும் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனேன். டயர் என்னுடையது. அது தேவராஜ் வீட்டுவரை போகாவிட்டால் திங்கட்கிழமை என் போர்டில் கோடு விழும் என்று எனக்குத் தெரியும். தார் முடிந்த இடத்தில் ஸ்கூட்டர் அடிவயிற்றில் கல் தட்டி நின்றுவிட்டது. இறங்கி, மூச்சு வாங்க நடந்தேன். எனக்காக மெதுவாகப் போனதாக அவர் சொல்கிறார். பேட்டரியை மிச்சம் பிடித்தார் என்று நான் சொல்கிறேன்.

பாதி மேட்டில் ஒரு பெரிய கல்லில் வண்டி குதித்தது. சரம் அறுந்து பின் சக்கரத்தில் விழுந்தது. உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். பால் பீச்சியடித்து ரிஜெக்ட் சாரின் பேண்ட் முழுக்க வெள்ளை. என் உயிரே போய்விட்டது.

அவர் இறங்கிச் சக்கரத்தைத் திருப்பினார். இரண்டு பட்டன்களுக்கு நடுவே, சரத்தைக் கோத்திருந்த கம்பி நட்டுக்கொண்டு நின்றது. நுனியில் பாதி மிளகாய், ஒரு துண்டு மஞ்சள் நூல்.

“இது இன்னா?”

“ரோட்டுல கிடந்திருக்கும் சார்.”

“ரோட்டுல கிடந்ததுக்கு உன் கடை மஞ்சள் நூல் எப்படி வந்துச்சு?”

நான் வானத்தைப் பார்த்தேன். அவர் கம்பியைப் பிடுங்கினார். மறுபடி உஸ்ஸ். ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைச் சுற்றி நிறுத்தினார். பால் குமிழ் விட்டது, குமிழ் சிறுத்தது, நின்றது. கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். டயர் கல்லாக இருந்தது.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கீழே கிடந்த எலுமிச்சம்பழத்தைத் தேடி எடுத்து அதற்குக் கோடு போட்டார். பிறகு சாக்பீஸும் கையுமாக என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் வேகமாக நடந்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், கம்பி வைத்துக் கட்டியது பூக்கடைக்காரன் தப்பு. அந்த ஓட்டை அடைபட்டதில் எலுமிச்சம்பழத்துக்குப் பங்கே இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தேவராஜ் கேட்டைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார். மடியில் முன்பே செய்து வைத்த ஒரு பம்பரம். ரிஜெக்ட் சார் “எப்படிடா இருக்கே” என்றுகூடக் கேட்கவில்லை. பம்பரத்தை வாங்கித் தரையில் சுற்றினார். குடிகாரன் மாதிரி ஆடியது. கோடு.

“போ…டா… கண்ணு… அவிஞ்ச… பயலே” என்றார் தேவராஜ். நோயாளியிடம் இப்படியா நடந்துகொள்வது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவருடைய வலது கை மெதுவாக நகர்ந்து அரத்தைத் தேடியதையும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு தவறவில்லை. என் டயரும் தவறவில்லை. மழை போய் வெயில் வந்தது. பின் டயரில் பட்டன் இன்னும் நிற்கிறது. இப்போது ரிஜெக்ட் சாருக்கு முட்டியில் ஆபரேஷன். பார்க்கப் போன என் கையில் சாக்பீஸைத் திணித்தார்.

“ஞாயித்துக்கிழமை நீ போ. வண்டி என் வீட்டு வாசல்லதான் இருக்கு.”

“நான் எதுக்கு சார்? எனக்குக் கடை இருக்கு. ஊர்ல ஒரு பேர் இருக்கு. இந்த வயசுல சைக்கிள்ல ஏறி—”

“உன் டயர்தானே? நம்பிக்கை இல்லயா?”

சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“ஒண்ணு கேட்டுக்கோ. பம்பரம் நல்லா இருந்தாலும் கோடு போடு” என்றார்.

“பாவம் இல்லயா சார்?”

“பாஸ் பண்ணிட்டா அரத்தக் கீழ வச்சிடுவான்.”

எனக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. “அப்போ அன்னைக்கு என் டயருங்களுக்குப் போட்ட கோடு?”

“அது நெஜமாவே ரிஜெக்ட்யா.”

போன ஞாயிறு போனேன். எலுமிச்சம்பழத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், டயரில் படாமல். தேவராஜின் பம்பரத்தைச் சுற்றிவிட்டேன். அது ஆடவே இல்லை. நட்டு வைத்த ஆணி மாதிரி நின்று சுற்றியது. அப்படி ஒரு வேலை. மனதைக் கல்லாக்கிக்கொண்டு கோடு போட்டேன். அது கோணலாக விழுந்தது. தேவராஜ் பம்பரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் வம்சத்தையே இழுத்துத் திட்டினார். ஒரு சொல்கூடக் குழறவில்லை.

திரும்பி வந்து ரிஜெக்ட் சாரிடம் சொன்னேன். “எவ்ளோ நேரம் திட்டினான்?” என்றார். “மூச்சு விடாம, சார்” என்றேன். “ம்” என்று கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஒரு சிரிப்பு.

டாக்டர் இன்னும் நாளாகும் என்கிறாராம். அதெல்லாம் முடியாது. சீக்கிரம் எழுந்து வரட்டும். வாசலில் டயர்களெல்லாம் ஒரு கோடுகூட இல்லாமல் சுத்தமாகத் தொங்குகின்றன. பார்க்கவே பிடிக்கவில்லை.