என் மூளைக்கு நீ எழுதிக் கொடுத்த சான்றிதழ்

க்ரேவெட், அலபாமா
1962 ஆகஸ்ட் 23

க்ளீவ்லாந்து தபால் அலுவலகத்தில் சொந்த மேசையும் சுழல்விசிறியும் உடைய மரியாதைக்குரிய திரு. ஹோசியா டட்லி அவர்களுக்கு,

கூடப்பிறந்த அக்கா லூவீனியா எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையால் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் எனக்குச் சுகம். வழக்கமாக இந்த இடத்தில் நீ சுகமா என்று கேட்பேன். இந்தத் தடவை கேட்கவில்லை. உன் பிள்ளைகள் சுகமாக இருக்கட்டும். உன் மனைவியும் இருக்கட்டும். அம்மா அடக்கத்துக்கு வந்த அன்று என் கோழிக்குழம்பை மூன்று தட்டு தின்றுவிட்டு உப்புக் கரிக்கிறது என்றாளே, அதை நான் மறந்துவிட்டதாக அவளிடம் சொல்ல வேண்டாம்.

நீ நீதிபதிக்கு எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. அவர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கோர்ட்டு முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். "என் அக்காவுக்கு அறுபத்தாறு வயது, சில வருடங்களாகவே புத்தி நிதானத்தில் இல்லை, எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், நூலகத்தில் தனக்கு என்ன வேலை என்று அவளுக்கே தெரியாது, வெளியாட்கள் கிளப்பிவிட்டிருக்கிறார்கள், கருணை காட்டுங்கள்." ஒரு எழுத்துப் பிழை இல்லை. எப்படி இருக்கும்? பருத்திக் காட்டுக்கு ஓர் ஆள் வேண்டும் என்று அப்பா சொன்னபோது, "தம்பி படிக்கட்டும், நான் போறேன்" என்று மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுப் போனவள் நான். ஓடையில் தண்ணீர் ஏறிய நாளெல்லாம் உன் ஒரே ஜோடிச் செருப்பு நனையாமல் உன்னை முதுகில் சுமந்துபோய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டேன். அப்படிக் கற்ற எழுத்தை வைத்துத்தான், அக்காவுக்கு எழுத்து வராது என்று வெள்ளைக்கார நீதிபதிக்கு எழுதினாய்.

நூலகத்தில் எனக்கு என்ன வேலை என்று நீ என்னிடம் கேட்டிருக்கலாம். என் கோழிகள் இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் செத்தன. அதற்கு மருந்து சொல்லும் புத்தகம் இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான், அது வெள்ளைக்காரர் நூலகத்தில் இருக்கிறது. நம் கறுப்பு ஆட்களையும் உள்ளே விட வேண்டும் என்று பெரிய கோர்ட்டு தீர்ப்புச் சொன்ன மறுநாள் தொப்பி போட்டுக்கொண்டு போனேன். உள்ளே ஒரு நாற்காலிகூட இல்லை. நாற்காலிக் கால்கள் பதிந்த தடம்தான் தரையில் இருந்தது.

"நாற்காலி எல்லாம் எங்கம்மா?" என்று நூலகக்காரியைக் கேட்டேன்.

"ரிப்பேருக்குப் போயிருக்கு, லூவீனியா."

"லூவீனியா இல்ல, மிஸஸ் க்ரென்ஷான்னு கூப்பிடு. முப்பது நாற்காலிக்கும் ஒரே ராத்திரியில கால் ஒடிஞ்சிருச்சா?"

எங்களோடு சேர்ந்து உட்கார வேண்டி வருமே என்று தங்கள் ஆட்களையும் நிற்கவைத்துவிட்டார்கள், ஹோசியா! பல் டாக்டர் கிழவர் ஒருவர் வீங்கின காலோடு அலமாரியில் சாய்ந்துகொண்டு செய்தித்தாள் படித்தார், அதில் அவருக்கு ஒரு பெருமை வேறு. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக நமக்குச் சீட்டுக் கொடுக்கவில்லை, அங்கேயே படிக்க வேண்டும். உன்னைப் போல ஓட்டமாகப் படிக்கிறவர்கள் நின்றே படித்துவிடலாம். எனக்கு ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆகும். இறக்கை நோய் நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது என்றாள் நூலகக்காரி, நேரே அங்கே போக வேண்டியதுதானே என்பாய். புத்தகம் எழுதினவன் முதல் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறான், நடுவில் புகுந்து படிப்பது திருட்டுத்தனம். நான்காம் பக்கத்தில் முழங்கால் விட்டுப்போயிற்று. மறுநாள் அடுப்படி நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு போனேன். இதற்கு எந்த வெளியாள் வந்து என்னைக் கிளப்பிவிட வேண்டும்? முழங்கால் என்ன வெளியூரா?

பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கும்போது போலீஸ்காரன் டிலார்ட் வந்தான். அவன் அப்பனையும் எனக்குத் தெரியும்.

"ஏய் கிழவி, நாற்காலிய எடு."

"உக்காந்திருக்கேன்ல, எப்படி எடுக்கிறது?"

"அப்ப எந்திரி."

"எந்திரிச்சா அப்புறம் நாற்காலி எதுக்கு?"

என்னை நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். தேவாலயத்தில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கினார்கள்: திட்டினால் திருப்பித் திட்டாதே, அடித்தால் கை ஓங்காதே. பழக்கும்போது வெள்ளைக்காரன் வேஷம் கட்டிய எங்கள் சபை டீக்கன் என் தொப்பியைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்தார். நான் கை ஓங்கவில்லை. அது நடந்து ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் அவரோடு பேசவில்லை. "உள்ளத்திலும் மன்னிக்கணும், சிஸ்டர்" என்றார் பாஸ்டர். அடிக்க மாட்டேன் என்றுதான் கை தூக்கிச் சத்தியம் பண்ணினேன் பாஸ்டர், மன்னிப்பதற்கு நான் பேர் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நான் போன மறுநாளிலிருந்து நம் ஆட்கள் ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். ஆடும் நாற்காலி, பால் கறக்கிற முக்காலி, எது வீட்டில் இருந்ததோ அது. தேவாலயத்தில் பியானோ வாசிக்கிற ஒடெஸ்ஸா, அந்த பியானோ ஸ்டூலையே கொண்டுபோய்விட்டாள். என்னைத் தவிர இன்னும் பத்துப் பேரைப் பிடித்தார்கள். கோர்ட்டில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு முப்பது நாள் என்று சொல்லிக்கொண்டே வந்த நீதிபதி, என்னிடம் வந்ததும் உன் கடிதத்தை எடுத்தார். வாசித்து முடித்து, "வீட்டுக்குப் போ, கிழவி. உன் தம்பி நல்லவன். நாற்காலியையும் எடுத்துக்கிட்டுப் போ" என்றார். வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள், அது எனக்குப் பழக்கம். பக்கத்தில் நின்ற ஒடெஸ்ஸா என் கையைப் பிடித்து மெல்லத் தட்டிக்கொடுத்தாள் பார், அதை நீ பார்த்திருக்க வேண்டும். முப்பது நாள் உள்ளே போகிறவள் எனக்காகப் பரிதாபப்படுகிறாள்!

இப்போது அந்தப் பத்துப் பேரும் சிறையில் பாடிக்கொண்டிருக்கிறார்கள். முதன்முதலில் நாற்காலி தூக்கினவள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் முன்பெஞ்சில் உட்காரவைத்தார்கள். காது கேட்காதவளிடம் பேசுவதுபோல எல்லோரும் கத்திப் பேசுகிறார்கள். "நீங்க என்ன செய்றீங்கன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல ஆன்ட்டி" என்றாள் ஒருத்தி. தெரியும், ஹோசியா. இந்த அறுபத்தாறு வருடத்தில் நானாக யோசித்து, யாரையும் கேட்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான். அதைத்தான் நீ புத்திக் கோளாறு என்று எழுதிவிட்டாய். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன், அதற்குப் பழகியிருக்கிறேன். தம்பி எனக்காக மன்னிப்புக் கேட்டால் என்ன செய்வது என்று யாரும் பழக்கவில்லை.

ஆகையால் இந்தக் கடிதம் கண்டவுடன் உட்கார்ந்து நீதிபதிக்கு மறுபடி எழுது. நான் சொன்னது பொய், என் அக்காவுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது, சட்டத்தைத் தெரிந்தே, வேண்டுமென்றே மீறினாள், அவளுக்கும் முப்பது நாள் கொடுங்கள் என்று எழுதி உன் அலுவலக முத்திரையைக் குத்து. அதுவரை உனக்கு அக்கா இல்லை. கிறிஸ்மஸுக்கு வராதே. நான் செத்தாலும் வராதே, வந்தால் எழுந்து உட்கார்ந்து கேட்பேன்.

கர்த்தர் உன்னைக் காப்பாற்றட்டும், இனி அது அவர் பாடு. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
திருமதி லூவீனியா க்ரென்ஷா
(புத்தி நிதானத்தில் உள்ளவள்)

பின்குறிப்பு, ஆகஸ்ட் 28, மாவட்டச் சிறைச்சாலை: மேலே கேட்ட கடிதம் வேண்டாம். தபால்தலை வாங்கப் போனவள், போகிற வழிதானே என்று நாற்காலியையும் எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போய்விட்டேன். நீதிபதி என்னைப் பார்த்ததும், "இதுக்குத்தான் புத்தி சரியில்லைன்னு தம்பி எழுதிக் கொடுத்திருக்கானே, ஏன் கூட்டிட்டு வந்தே?" என்று டிலார்டைத் திட்டினார். "ஐயா, புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. போன தடவை என் எந்த ஷூவுல கயிறு அவுந்திருந்துச்சுங்கிற வரைக்கும் அந்தம்மா சொல்லுது. முப்பத்தொண்ணாம் வருஷத்துல எங்கப்பன் அதை என்ன திட்டினான்னும் சொல்லுது, அது அப்படியே எங்கப்பன் பேச்சுத்தான்" என்றான். முப்பது நாள் முழுசாகக் கிடைத்தது. ஒடெஸ்ஸா நகர்ந்து இடம் கொடுத்தாள், கையைத் தட்டவில்லை. ஆகையால் நீ எழுதாதே, கிளம்பி வா. ஆறு கோழி உயிரோடு இருக்கிறது, தீனி போட ஆள் இல்லை. வந்ததும் நூலகத்துக்குப் போய் அந்தப் புத்தகத்தைக் கேள். நாற்பத்தோராம் பக்கத்தை நின்றபடியே ஐந்து நிமிடத்தில் படித்து முடித்துவிடுவாய், எனக்குத் தெரியும். நின்று படிக்காதே. என் நாற்காலி போலீசிடம் இருக்கிறது, வரும்போது உன் வீட்டிலிருந்து ஒன்று கொண்டு வா.