பேசாமல் கேட்ட மூணு கேள்வி

எங்க வீட்டுக்காரர் சோலைமலை, அடுத்த தீபாவளிக்குள் பட்டதாரி ஆகிவிடுவது என்று முடிவெடுத்தார். அதில் எனக்கு வருத்தமில்லை. அவர் பட்டதாரி ஆகப்போவது என்னுடைய பத்தாப்புப் பணத்தில் என்பதுதான் வருத்தம்.

விஸ்வநத்தத்துப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் அவருக்கு வேலை. வெளியூர் வியாபாரிகள் வந்தால் பின்பக்கப் பொட்டலில் சாம்பிள் வெடித்துக் காட்டி விலை பேச வேண்டும். பற்றவைத்துப் பற்றவைத்து, இடது புருவம் எப்போதும் பாதிதான் இருக்கும். உள்ளே ஃபேனுக்கு அடியில் மேனேஜர் நாற்காலி காலியாகப் போகிறது. "டிகிரி வாங்கிட்டு வா சோலை, அடுத்த சீசனுக்கு நீயே உக்காரு" என்று முதலாளி சொல்லிவிட்டார். இவர் பன்னெண்டாப்போடு நின்றவர். வயசு முப்பத்தாறு.

நான் எட்டாப்பு. பத்தாப்பைப் பிரைவேட்டாக எழுத என்னை டுடோரியலில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அதற்காகவே தீபாவளிச் சீட்டுக் கட்டினேன். சீட்டுப் பணம் கைக்கு வந்த அன்றைக்கே, இவர் சிவகாசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டரில் ஒரு காலேஜைக் கண்டுபிடித்துவிட்டார்.

"நெட்டு காலேஜ், செல்வி! வீட்டுல இருந்தே படிக்கலாம். எல்லாப் பாடமும் கம்ப்யூட்டர்லயே வந்துரும்."

"நம்மகிட்ட கம்ப்யூட்டரே இல்லையேங்க?"

"அதனாலதான் பாடமும் கம்மியா வச்சிருக்காக."

பிரிண்ட் எடுத்து வந்த படத்தைத் தரையில் விரித்தார். புல்வெளி, தூண், மணிக்கூண்டு.

"இந்தக் கட்டடத்த எங்கனயோ பாத்திருக்கேனே."

"நீ எங்கன போயிப் பாத்த?"

அடுப்படிக் காலண்டரைக் கழற்றி வந்து மார்ச் மாதத்தைத் திருப்பினேன். அதே புல்வெளி. அதே தூண். மணிக்கூண்டில் மணிகூட அதே மணி.

பாதிப் புருவத்தைத் தடவினார். "நல்ல கட்டடம்னா காலண்டர்ல போடத்தான செய்வாக!"

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் பணம் கட்டியாக வேண்டுமாம். கட்டாவிட்டால் காலேஜில் அவர் இடம் வேறு ஆளுக்குப் போய்விடுமாம். நான் பக்கத்து வீட்டு ஞானஜோதி டீச்சரிடம் போய் நின்றேன். அவங்க சொன்னது மூணே கேள்விதான். "பரீட்சை எந்த ஊர்ல? பட்டம் குடுக்கிறது எந்த யுனிவர்சிட்டி? ஆபீஸ் எந்தத் தெருவுல? இத நீயே போன்ல கேளு செல்வி. மழுப்புனா பணத்தக் குடுக்காதீக."

நானே கேட்பதா! கண்டக்டரிடம் வாய் திறந்து ஊர்ப்பேர் சொல்லக் கூச்சப்பட்டு, அவர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டுக்கு, போக வேண்டிய ஊரை விட்டு மல்லாங்கிணறு ஊரில் இறங்கி நின்றவள் நான்.

சனிக்கிழமை அவர் சீக்கிரமே வந்தார். முகம் கடுகடு.

"வாயாடுற யாவாரிய சமாளிச்சுரலாம் புள்ள. இன்னைக்கு ஒருத்தன் வந்தான், மூச்சு விடலை. அவன் பேசாம நிக்க நிக்க, நானா வெலையில ஒவ்வொரு ரூவாயா எறங்கிட்டேன். முதலாளி வைதுட்டாரு. எல்லாம் இன்னும் ஒரு வருசந்தான். எங்க பணம்?"

டீச்சரின் மூணு கேள்வியைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பற்றி அவருக்குத் தெரியாதா?

"சரி, பந்தயம். செல்லுல ஸ்பீக்கர் போட்டுத் தாரேன். மூணுல ஒண்ணே ஒண்ணக் கேட்டுரு, நான் சேரலை. பணம் ஒன் டுடோரியலுக்கு. கேக்கலைன்னா மறுபேச்சு இல்லாம குடுத்துரணும்."

எங்க ஒரு வயசுப் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு செல்லை வாங்கினேன். பணம் வீட்டம்மா கையில் என்று காலேஜ்காரரிடம் அவர் முன்னமே சொல்லியிருந்தார். மணி அடித்தது. என் பத்தாப்பு அந்த மணியில் தொங்கியது.

"வணக்கம். அட்மிஷன்தானே மேடம்?"

நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது.

"ஹலோ? சோலைமலை சார் வீடுதானே?"

'பரீட்சை'யில் 'ப' மட்டும் உதடு வரை வந்து அப்படியே நின்றது. வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து, பணத்துக்காகக் கையை நீட்டினார்.

"புரியுது மேடம், யோசிக்கிறீங்க. பரீட்சையை நினைச்சுப் பயப்படாதீங்க. சும்மா பேருக்குத்தான்."

பாப்பாவை அடுத்த இடுப்புக்கு மாற்றினேன்.

"சரி, பரீட்சையே வேண்டாம் மேடம். மார்க்கை நாங்களே போட்டுடறோம்."

நீட்டிய கை கொஞ்சம் மடங்கியது.

"வேற இடத்துல விசாரிச்சீங்களா? அங்க எந்த யுனிவர்சிட்டி பேர் போட்டுத் தர்றாங்க? சொல்லுங்க, அதே பேரை நாங்களும் போட்டுத் தர்றோம்."

வீட்டுக்காரர் சுவரை விட்டு நிமிர்ந்தார். பாப்பா என் தாலிக் கயிற்றை வாயில் வைத்தாள். "ம்ஹூம்" என்று பிடுங்கினேன்.

"ம்ஹூம் சொல்லாதீங்க மேடம்! ஆபீசுக்கு வந்து பார்க்கணும்னா மட்டும் கஷ்டம். மாசா மாசம் ரூம் மாத்துறோம். கடைசியாச் சொல்றேன். சாருக்கு பி.ஏ.வோட எம்.ஏ.வும் சேர்த்து. போன வருஷத் தேதியே போட்டுத் தர்றோம். உங்களுக்கும் ஒரு பி.ஏ. ஃப்ரீ. இதுக்கு மேல என்னால இறங்க முடியாது மேடம்!"

குரல் அழுதுவிடும் போலிருந்தது. எட்டாப்புக்காரி, ஒரு சொல் பேசாமல் பி.ஏ. ஆகியிருந்தேன்.

வீட்டுக்காரர் செல்லைப் பிடுங்கி லைனைத் துண்டித்தார். தரையில் உட்கார்ந்தார். மணிக்கூண்டுப் படத்தை நாலாக மடித்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"ஆனா நீ ஒரு கேள்வியும் கேக்கலையே புள்ள. பந்தயப்படி நான்தான ஜெயிச்சேன்?"

நியாயம்தான். 'ஆமாங்க' என்று சொல்ல வாய் எடுத்தேன். அப்போதுதான் கம்பெனியில் பேசாமலே நின்ற அந்த வியாபாரி ஞாபகத்துக்கு வந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

"சரி, அந்தக் காலேஜ் வேண்டாம்."

நான் பேசவில்லை.

"டீச்சர்கிட்டக் கேட்டு, நெசமாவே பரீட்சை வைக்கிற எடத்துல தபால்ல சேந்துக்கிறேன். நாற்காலி போனாப் போவுது."

பாப்பாவின் மூக்கைத் துடைத்தேன்.

"சீட்டுப் பணத்த ஒன் டுடோரியலுக்கே கட்டிருவோம். போதுமா?"

போதும்தான். ஆனால் பாப்பா தன் விரலை என் வாய்க்குள் விட்டிருந்தாள். எடுக்கத் தோன்றவில்லை.

"அதுக்கும் பேசமாட்டியா? நீ கிளாசுக்குப் போற நேரம் பாப்பாவ நானே பாத்துக்கிறேன், சோறும் நானே பொங்கிருதேன். இதுக்கு மேல என்னால எறங்க முடியாது புள்ள!"