பாக்கெட் கோணல்

"கையை இறக்குங்க. திருடிட்டு மாட்டிக்கிட்டவர் மாதிரி ஏன் நெஞ்சைப் பொத்திக்கிட்டு நிக்கறீங்க?" என்றாள் மனைவி, கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி.

"கையை இறக்கினா பாக்கெட் தெரியும்."

"சட்டைன்னா பாக்கெட் தெரியத்தான் செய்யும்."

"கோணலா இருக்கு!"

லிஃப்ட் மெக்கானிக் தன் கையாலேயே தைத்த முதல் சட்டை அது. ஆறு மாதமாக ஞாயிறு தவறாமல் தையல் வகுப்பு. பதினெட்டுப் பெண்களுக்கு நடுவே ஒற்றை ஆண்பிள்ளை. கடையில் வாங்கிய, தனக்குப் பிடித்த நீலச் சட்டையை அளவுக்கு விரித்து வைத்து, அதே கடையில் அதே துணியைத் தேடி வாங்கி வெட்டித் தைத்திருந்தார். துவைத்து, இஸ்திரி போட்டு, உடுத்திப் படம் எடுத்துப் பன்னிரண்டு மணிக்குள் டீச்சருக்கு அனுப்ப வேண்டும். டீச்சர் சரி என்றால் கோட்டு வகுப்பு. மகள் கல்யாணத்தில் தானே தைத்த கோட்டோடு நிற்க வேண்டும் என்று மனிதருக்குக் கொள்ளை ஆசை.

பழையதும் புதியதுமாக இரண்டு நீலச் சட்டைகளையும் சலவைக் கடையில் போட்டிருந்தார்; 'நீங்க தச்சது' என்று அங்கிருந்து காலையில்தான் ஒன்று வந்தது.

"தைக்கும்போது நேராத்தானே இருந்துச்சு?" என்று முனகினார்.

"துவைச்சதுல சுருங்கியிருக்கும். ஒரு பேனா குத்துங்க, நேராயிடும்."

பேனாவைக் குத்தினார். பாக்கெட்டின் ஓரம் பிரிந்து தொங்கியது.

"ஐயையோ! இந்தாங்க, பேப்பரைப் பிடிங்க. படிக்கற மாதிரி நில்லுங்க."

பேப்பர் பாக்கெட்டை மறைத்தது. கையைத் தூக்கியதில் காலர் ஒரு பக்கம் எழுந்து நின்றது. அதை அமுக்கி ஊக்கு குத்தினாள். இப்போது கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அப்படியே விறைப்பாக ஜன்னலோரம் நின்றவரை ஒருவழியாகப் படம் எடுத்து அனுப்பினாள்.

இரண்டே நிமிஷத்தில் டீச்சர் கூப்பிட்டாள்.

"என்ன சார், கடைச் சட்டையைப் போட்டுக்கிட்டு என் காதுல பூ சுத்தறீங்களா? எதை மறைக்க அந்தப் பேப்பர்?"

மெக்கானிக்குக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"கடைச் சட்டையா! ஒவ்வொரு தையலும் நான் போட்டது டீச்சர்! இருங்க, காட்டறேன்!"

பேப்பர் பறந்தது. ஊக்கு பறந்தது.

"எடு! இந்தப் பாக்கெட்டை எடு. எந்தக் கடைக்காரன் இப்படித் தைப்பான்?"

"கையைத் தூக்குங்க. அடேங்கப்பா, அக்குள்ல தையல் நடுவுலயே நின்னுபோச்சு!"

"நல்லா கிட்டக்கப் பிடி! பட்டன் துளை ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. அதையும் எடு!"

ஒவ்வொரு கோளாறுக்கும் அவர் நெஞ்சு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. மொத்தம் பதினொரு படங்கள் போயின.

டீச்சர் மறுபடி கூப்பிட்டாள். குரல் இளகியிருந்தது.

"நம்பிட்டேன் சார். சத்தியமா இது கடையில தச்சதில்ல. அதனால கோட்டெல்லாம் இப்ப வேணாம். அடுத்த ஞாயிறு முதல் பாடத்துலேர்ந்து திரும்ப வாங்க."

மெக்கானிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "போச்சு. கல்யாணத்துக்கு வாடகைக் கோட்டுதான்."

"போனாப் போகுது, விடுங்க" என்றாள் மனைவி. "கோணலோ மாணலோ, என் புருஷன் தச்சது. எங்க அக்கா தங்கச்சி எல்லாருக்கும் அனுப்பிட்டேன். பதினொண்ணையும்!"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து, தொங்கும் பாக்கெட்டைத் தடவிவிட்டுக்கொண்டார். யார் என்ன சொன்னாலும் சட்டை அவருடையதுதான்.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் சலவைக் கடைக்காரர். ஒரு கை விரலில் கட்டு, இன்னொரு கையில் மடித்த நீலச் சட்டை.

"மன்னிச்சுக்கங்க சார், ரெண்டு சட்டையும் மாறிப்போச்சு. இதை மடிக்கும்போது உள்ளேயிருந்து தையல் ஊசி குத்தினப்பதான் நீங்க தச்சது இதுன்னு தெரிஞ்சுது. அவ்ளோ சுத்தமா இருந்துச்சா, நான் இதைத்தான் கடையில வாங்கினதுன்னு நெனச்சுட்டேன்!"