மந்திரி டாக்டர் உன் அம்மாவின் நெஞ்சைப் பார்த்த விவரம்

தண்டையார்பேட்டை,
ஞாயிறு.

அன்பு மருமகன் பிலாலுக்கு,

தாவூது மாமு ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையில் இங்கு எல்லாரும் சுகம். தம்மாமில் நீயும் வெயில் படாமல் சுகமாயிருக்க துஆ கேட்கிறேன். போனில் சொன்னால் நடுநடுவே கேள்வி கேட்பாய். அதனால் எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

உன் அம்மாவுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றாயே, மந்திரியே நம் கையில் இருக்கும்போது வரிசையில் நிற்க நமக்கென்ன தலையெழுத்து? டாக்டர் பக்தவச்சலத்தை உருவாக்கியது யார் என்று திருவொற்றியூரில் எந்த ஆட்டோக்காரனையும் கேள். அவர் கிளினிக்கில் பதினோரு வருஷம் கம்பவுண்டர் நான். பாதி வைத்தியம் என்னுடையது. எலெக்‌ஷனில் நில்லுங்கள் என்று நான் சொன்ன மறுநாள்தான் கட்சியே சொன்னது. ஓட்டுக் கேட்டு யார் கையைப் பிடித்தாலும் அவர் விரல் தானாக நாடிக்குப் போய்விடும். விம்கோ நகரில் எதிர்க்கட்சி ஏஜென்ட் கையைப் பிடித்தவர், "யோவ், உனுக்கு பிரஷர் ஏறிகினு கீது, மொதல்ல குந்து" என்று உட்காரவைத்து மாத்திரை கொடுத்தார். அந்தத் தெருவே நம் பக்கம் சாய்ந்தது. ஜெயித்து மந்திரியும் ஆனார். சுகாதாரம் தருவார்கள் என்று பார்த்தால் கைத்தறி தந்தார்கள். துணியும் உடம்பில்தானே கிடக்கிறது என்று நான்தான் தேற்றினேன்.

உன் அம்மா விஷயமாக அவர் ஆபீசுக்குப் போனால் புது பி.ஏ., ஆள் தெரியாதவன், மனு கொடு என்றான். கைப்பட மூன்று பக்கம் எழுதினேன். அழகுக்காக எண்ணூர் ஆலைப் புகையைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு, மனுவை மாசு பார்க்கிற ஆபீசுக்குத் தள்ளிவிட்டார்கள். இரண்டு பேர் வந்து மொட்டை மாடியில் மிஷின் வைத்தார்கள். மூன்று வாரம் கழித்து, காற்று அளவோடுதான் இருக்கிறது என்று கடுதாசி வந்தது. படித்துக் காட்டினேன்.

"அப்போ நான்தான் அளவு மீறி இழுக்கறேன் போல கீது" என்றாள் உன் அம்மா.

விடுவேனா? இன்று மந்திரி திறந்துவைத்த மருத்துவ முகாமில் முதல் நாற்காலியில் அவளை உட்காரவைத்தேன். ரிப்பன் வெட்டியவர் நேரே வந்து ஸ்டெதாஸ்கோப்பை அவள் நெஞ்சில் வைத்தார். ஆறு கேமரா. பெரிய பெரிய டாக்டர்களெல்லாம் கை கட்டி நின்றார்கள். "ஜெரினாம்மா, நெஞ்சு கல்லு மாதிரி கீது. தாவூது கீறான், உனுக்கு இன்னா பயம்?" என்றார். இத்தனை பதவிக்குப் பிறகும் என் பேரை மறக்கவில்லை பார். முகாம் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தவள், அதைக் கேட்டு வீட்டுக்கே திரும்பிவிட்டாள். எனவே நீ டிக்கெட் போட்டுக் காசைக் கரியாக்க வேண்டாம்.

உன் ஆயுசும் சம்பளமும் நீள துஆ செய்யும்,
தாவூது மாமு
(மந்திரியின் முன்னாள் ஆலோசகர்)

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை எழுதினது அனுப்பாமல் பையிலேயே இருந்தது. இன்று வியாழன். செவ்வாயிலிருந்து அவளால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே தூங்கினாள். மந்திரியே பார்த்தாயிற்றே என்று சும்மா இருந்துவிட்டோம். காலையில் பெரிய ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் சேர்த்திருக்கிறேன். பேப்பரில் வந்த முகாம் படத்தை நர்ஸிடம் காட்டினேன். "இன்னா மாமா, ஸ்டெத்த காதுலயே மாட்டல, கழுத்துல தொங்கிகினு கீது" என்றாள். அன்றைக்கு மந்திரி என் பேரையும் சொல்லவில்லை, அது நானாகச் சேர்த்தது. காதில் மாட்டாதது எனக்கு அன்றைக்கே தெரியும், பிலால். படம் கெட்டுவிடுமே என்று பேசாமல் நின்றேன். டிக்கெட் போடு.