ஸ்கோப்புக்குக் குல்லா பின்னிய மிஸ்ஸி

இரத்தினபுரி மாவட்டத்திலேயே துப்பாக்கிக்கு ஆறுதல் சொல்லிச் சுட்ட ஒரே மனுஷி எங்கள் மிஸ்ஸிதான். தோட்டத்து மருத்துவிச்சி. கர்ப்பிணிகளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவார். வலி வந்தால் வேனில் ஆஸ்பத்திரி வரை கூடவே போவார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

றக்வானைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு விளையாட்டுக் கழகம் உண்டு. கழகத்துக்கு ஒரே ஒரு எயார் ரைபிள். இலக்கு அட்டையைச் சுடும் ஸ்பிரிங் துப்பாக்கி. தொழிற்சாலையில் மெஷின் டெக்னீஷியனாகச் சேர்ந்த வருடமே நானும் சுடப் பழகினேன். நன்றாகச் சுட்டேன். மிஸ்ஸி என்னைவிட நன்றாகச் சுட்டார். இதை எழுதும்போது இன்றைக்கும் பேனா கொஞ்சம் அழுத்துகிறது.

அதுவும் எப்படி? நான் காலை அளந்து வைத்து, மூச்சை அடக்கி, விரலை மெதுவாக அழுத்துவேன். அவர் வாயில் இஞ்சி டொபியை ஒதுக்கிக்கொண்டு, "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல, இப்ப முடிஞ்சிரும்" என்று துப்பாக்கியிடம் சொல்லிக்கொண்டே சுடுவார். துப்பாக்கியும் அவருக்குக் கட்டுப்படும். எனக்குக் கட்டுப்படாது.

மாவட்டப் போட்டியில், துப்பாக்கி மேல் குறிபார்க்கும் கண்ணாடிக் குழல் பூட்டிச் சுடும் ஸ்கோப் பிரிவு ஒன்று பெண்களுக்குப் புதிதாக வந்தது. தோட்டத்துக்கு ஒருவர்தான் போகலாம். போக வேண்டும் என்று எனக்கு வெறி. கழகச் செயலாளர் பஸாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர்; எல்லோருக்கும் அவர் 'நானா', அண்ணன். அவர் கொழும்பிலிருந்து மூன்று ஸ்கோப்புகளைத் தருவித்துக் கடை மேசையில் வைத்தார்.

நான் பட்டியலோடு போனேன். ஒன்று: கிட்டத்து அட்டையும் தெளிவாகத் தெரிய வேண்டும், தூரத்துக்குச் செய்த ஸ்கோப்பில் அது மங்கும். இரண்டு: ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னும் உதறும்; அதைத் தாங்க வேண்டும். மூன்று: பாரம் அளவாக இருக்க வேண்டும்.

மிஸ்ஸி, குழந்தைகளை நிறுக்கும் தொங்கு தராசோடு வந்தார். ஒவ்வொரு ஸ்கோப்பையும் அதன் துணித் தொட்டிலில் கிடத்தினார்.

"இது கொறமாசம். இது சீனி நோய்க்காரி பெத்த புள்ள மாதிரி சும்மா ஊதிக் கெடக்கு. இந்தா, இதுதான் சரியான எட!"

மூன்றாவதைக் கண்ணில் வைத்துக் கடையைச் சுற்றிப் பார்த்தார். "நானா, அந்த ஆணிப் பொட்டியில பழைய வெலய அழிச்சிட்டுப் புது வெல போட்டிருக்கீங்களே!"

"நீங்க ஸ்கோப்பு பாக்க வந்தீங்களா மிஸ்ஸி, கடைய ரெய்ட் பண்ண வந்தீங்களா?"

என் பட்டியலும் அதே மூன்றாவதைத்தான் காட்டியது. அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மிஸ்ஸி அதைக் குழந்தைத் துவாயில் சுற்றிவிட்டார்.

பூட்டும் வேலையை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. தூக்குநூல் தொங்கவிட்டு, ஸ்கோப்புக்குள் தெரியும் நெட்டுக் கோட்டை அதோடு சரிபார்த்தேன். வளையங்களின் திருகாணிகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஆனால் யாருடைய கண்ணுக்குப் பூட்டுவது? கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே தூரம் சரியாக இருந்தால்தான் முழு வட்டம் தெரியும்; இல்லாவிட்டால் ஓரமெல்லாம் கறுப்பு நிழல். மிஸ்ஸி கர்ப்பிணியின் வயிற்றில் குழல் வைத்துத் துடிப்புக் கேட்டுப் பழகியவர். துப்பாக்கியிலும் கழுத்தை முன்னால் நீட்டிக் கன்னத்தை ஒட்டிவிடுவார். நான் நிமிர்ந்து நிற்பவள். இருவருக்கும் இரண்டு விரல் வித்தியாசம். ஸ்கோப்பை அவருக்கு முன்னால் தள்ள வேண்டும், எனக்குப் பின்னால் இழுக்க வேண்டும். யார் கண்ணுக்குப் பொருந்துகிறதோ, துப்பாக்கி அவருக்கு, போட்டியும் அவருக்கு.

நான் எனக்குப் பூட்டினேன். நகர்ந்தால் தெரியட்டும் என்று நீல நகப்பூச்சால் ஒரு கோடும் போட்டேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால், ஸ்கோப் முன்னால் போயிருந்தது. அங்கே ஒரு சிவப்புக் கோடு.

"யாரு மிஸ்ஸி தள்ளுனது?"

"அதுவா நகந்திருக்கும் புள்ள. ஸ்பிரிங் துப்பாக்கி ஒதறும்னு நீதானே சொன்ன?"

"நகந்துட்டு, நகப்பூச்சும் போட்டுக்கிச்சா?"

"பொம்பளப் புள்ளதானே. போட்டுக்கும்."

நான் இழுத்தேன். அவர் தள்ளினார். நகர்த்தும்போதெல்லாம் குறி தவறும். சுட்டுச் சுட்டுத் திருத்த வேண்டும். குண்டு டப்பாக்கள் காலியாவதைப் பார்த்த நானாவுக்குப் பொறுக்கவில்லை. "ஸ்கோப்பு பூட்டச் சொன்னா ரெண்டு பேரும் ரயில் ஓட்டுறீங்க! கழட்டி வச்சிட்டுச் சுடுங்க. ஜெயிக்கிற ஆளுக்குப் பூட்டுவம்."

மிஸ்ஸி ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தார். சிவப்புக் கோட்டில் ஸ்கோப்பை நானே பூட்டினேன். மறுவாரம் மிஸ்ஸி அதற்குக் கம்பளிக் குல்லா பின்னிக்கொண்டு வந்தார், இரண்டு காதுகளோடு. தோட்டமே சிரித்தது. எனக்கு அந்தக் குல்லா மேலேயே பொறாமை.

போட்டி இரத்தினபுரி டவுனில். மாற்று ஆளாக என் பெயர் இருந்ததால், பை தூக்கிக்கொண்டு நானும் போனேன். மிஸ்ஸியின் முறை வரப்போகும் நேரத்தில் அவருடைய போன் அடித்தது. எங்கள் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் ஒருத்திக்கு நாளுக்கு முந்தியே வலி. வேன் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருக்கிறது. மிஸ்ஸி வராமல் உள்ளே போகமாட்டேன் என்று அழுகிறாள்.

மிஸ்ஸி ஒரு கணம் இலக்கு அட்டையைப் பார்த்தார். பிறகு துப்பாக்கி காலியா என்று சரிபார்த்து, கைப்பையிலிருந்து திருகாணிச் சாவியை எடுத்தார். திருகாணிகளைத் தளர்த்தி, ஸ்கோப்பை நீலக் கோட்டுக்கு இழுத்து, மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். அப்படியே நான் பூட்டுகிற விதம்.

"குறி போயிருமே மிஸ்ஸி! திருத்திச் சுட நேரமில்லீங்க!"

"ஸ்கோப்பு குமிழ மேல நாலு கிளிக்கு திருப்பு, எடது ஒண்ணு. சரியா விழும்."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நேத்து ஒன் கோட்டுல வச்சிச் சுட்டுப் பாத்தேன்."

"எதுக்கு?"

"அங்கேருந்து பாத்தா ஒனக்கு அப்பிடி என்னதான் தெரியுதுன்னு பாக்கத்தான். பொறாம ஒனக்கு மட்டும்தானா?"

ஓடிவிட்டார். "இக்மண்ட நங்கி, இக்மண்ட!" என்று நடுவர் சிங்களத்தில் என்னை அவசரப்படுத்தினார்.

மேலே நாலு, இடது ஒன்று. முழு வட்டம் தெரிந்தது. யாருக்கும் கேட்காமல், "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்றேன்.

மூன்றாம் இடம். ஆனால் மிஸ்ஸி அதுவரை சுட்ட எதையும்விட என் புள்ளி அதிகம்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் நின்றிருந்தார். "பொம்பளப் புள்ள. தாயும் சொகம். நீ எத்தன?" சொன்னேன். "ஓ" என்றார். பஸ் வளைந்து வளைந்து றக்வானை ஏறும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு இன்பமான பஸ் பயணம் நான் போனதில்லை.

இப்போது மிஸ்ஸி அரநாயக்கப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றலாகிவிட்டார். துப்பாக்கி முழுக்க எனக்குத்தான். ஸ்கோப் நீலக் கோட்டைவிட்டு அசைவதே இல்லை. அங்கேயும் ஒரு கழகமும் ஒரு துப்பாக்கியும் இருக்கிறதாம். போன வாரம் போனில் சொன்னார்: அவர் தேத்தண்ணி குடிக்கப் போகும் நேரம் பார்த்து ஒரு பொண்ணு ஸ்கோப்பை நகர்த்தி, பச்சை நகப்பூச்சால் கோடு போடுகிறாளாம். "சரியான சண்டக்காரி புள்ள!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

அவ்வளவு சிரிக்க அதில் என்ன இருக்கிறது? பச்சையெல்லாம் ஒரு நிறமா?