கூரையைப் பிரித்துக் குடிவைத்த கதை

எனக்குக் கோபம் வந்தால் மூளை லீவு போட்டுவிடும். இதைக் கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தவள் என் மனைவி சரசு.

பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீட்டை ஒட்டி இன்னொரு சின்ன ஓட்டு வீடு எங்களுக்கு உண்டு. அதில் செந்தில் என்று ஒருவன் மனைவியோடு குடியிருந்தான். மோட்டார் காயில் கட்டுகிறவன். வாடகை என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிட்டான். அதைக்கூட விட்டுவிடலாம். டீச்சராக இருக்கும் என் மகள் கவிதா, அடுத்த ஜூனில் மாற்றலாகிக் கைக்குழந்தையோடு ஊருக்கு வருவதாக இருந்தாள். அந்த வீடு அவளுக்கு வேண்டும். எங்களோடு இரு என்றால் மாட்டேன் என்றாள். காரணம் கேட்டேன். சொல்லவில்லை.

கேட்கப் போனால் செந்தில் நாற்காலி போடுவான்.

"வாங்ணா. தண்ணி குடிக்கறீங்ளா?"

"தண்ணி கெடக்குது. ஊட்டை எப்பக் காலி பண்றே?"

"பண்ணீர்லாங்ணா. ஆடி போகட்டுங்ணா."

ஆடி போனது. புரட்டாசி ஆகாது என்றான். மார்கழி ஆகவே ஆகாது. பங்குனியில் யாருங்ணா வீடு மாறுவாங்க? ஆகிற மாசங்களில் ஆள் கண்ணிலேயே படமாட்டான். நான் கத்துவேன். அவன் தலையாட்டுவான். எங்கள் ஊரில் வாடகையை நிறுத்தினாலும் மரியாதையை நிறுத்த மாட்டார்கள். ஒத்துக்கொண்டே இருக்கிறவனிடம் எவ்வளவு நேரம் சண்டை போடுவது? எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

பஞ்சாயத்து மெம்பரிடம் சொன்னேன். "ஞான் பறயாம்", நான் சொல்கிறேன் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார். அவன் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தார்.

மே கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஓடு மாற்றுகிறேன் என்று கூரையைப் பிரித்துவிட்டால்? வெயில் தாங்காமல் ஓடிவிடுவான். ஆள் கிடைக்கவில்லை, நானே ஏறினேன். செந்தில் கீழே நின்று ஒவ்வொரு ஓடாக வாங்கி அழகாக அடுக்கினான். "பாத்து இறங்குங்ணா, சட்டம் வழுக்கும்" என்றான். (அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.)

"மழை வந்துருமுங்க" என்றாள் சரசு.

"எடவப்பாதிப் பருவமழை பாலக்காடு டவுனைத் தாண்டி எப்பப் புள்ள வந்திருக்குது? நம்ம கெழக்குக்கு வெறுங்காத்துதான்."

அந்த வருஷம் தாண்டி வந்தது. அன்று மாலையே கொட்டியது. செந்திலின் மனைவி அரிசிப் பானையை அணைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றாள். சரசு குடையோடு போய் இருவரையும் எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள்.

"பிரிச்சது நீங்க. ஓடு போடறவரைக்கும் இவிய நம்மூட்டு ஒறம்பரை."

வாடகை தராதவன் இப்போது என் வீட்டு விருந்தாளி. என் சோபாவில் உட்கார்ந்து என் துண்டால் தலை துவட்டினான். மழையோ விடவில்லை. நான் என்ன செய்வது? எப்போதும்போல் இருந்தேன். விடியுமுன் எழுந்து தொண்டையைச் செருமினேன். டிவி செய்தியோடு சண்டை போட்டேன். ஆள் உட்கார்ந்திருக்கும்போதே ஃபேனை நிறுத்தினேன். குளிக்கிறவர்களைக் கதவைத் தட்டி, "எத்தனை சொம்பு ஊத்துவீங்க?" என்று கேட்டேன். அவனை விரட்டுவதற்காக அல்ல. சத்தியமாக, அது என் அன்றாடம்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. செந்தில் பையோடு வந்து நின்றான். செவ்வாய்க்கிழமை, ராகு காலம் வேறு.

"கெளம்பறோமுங்ணா. மச்சான் ஊட்டுக்கு."

"மழை பேயுதேப்பா?"

"போச்சாதுங்ணா, நனஞ்சுட்டே போயிக்கறோம்." சரசுவைப் பார்த்துக் கும்பிட்டான். "அக்கா, நீங்க எப்படிங்க்கா இத்தன வருசமா..." அவன் மனைவி சரசுவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பாக்கியைக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"சும்மா இருங்க. கணக்குப் பாத்தா நாமதான் அவியளுக்குக் குடுக்கோணும்" என்றாள் சரசு.

கவிதா வந்து சேர்ந்தாள். ஓடு போட்டு முடியும்வரை எங்களோடு தங்கச் சொன்னேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக லாட்ஜுக்குப் போய் ரூம் எடுத்துவிட்டாள்.

இப்போதும் ஊரில் யார் வீட்டிலாவது குடித்தனக்காரர் காலி பண்ண மறுத்தால் சரசுவுக்குத்தான் போன் வருகிறது. "அக்கா, அண்ணனை ஒரு வாரம் அனுப்பி வைக்கறீங்ளா?"

சரசு எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்கிறாள்.

"ஒரு வாரம் என்னங்க, மழைக்காலம் முடியறவரைக்கும் வெச்சுக்குங்க."