குகைக்குள் மாமிக்கு ஒரு படம்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையையும் சல்லடை போட்டுத் தேடினாலும், பட்டப்பகலில் மாமியாரைப் பூமிக்குள் இறக்கிப் படம் காட்டிய மருமகன் ஒருவன்தான் கிடைப்பான். எங்கள் அரிசி ஆலையில் மூட்டை ஏற்றிய ‘படப்பெட்டி’தான் அவன். சொந்தப் பெயர் ஏதோ இருந்தது. சம்பளம் கொடுக்கும் முதலாளிக்கே அது ஞாபகமில்லை.

பெரியகல்லாற்றில் பிறந்து செட்டிபாளையத்தில் கல்யாணம் கட்டியவன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பையோடு அங்கே போய்ச் சேர வேண்டியவன். இந்த மகராசன் பையை மறந்துவிட்டு, ஒரு பழைய புரொஜெக்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போய் இறங்கினான். அந்தக் கிழமை முழுக்க மாமனாரின் சாரத்தில்தான் திரிந்தான்.

பிறகு தொடங்கியது வில்லங்கம். இரவில் அந்த வீட்டில் மாமியின் தொலைக்காட்சி நாடகம் ஓடும். நுளம்புகூட மூச்சுவிடக் கூடாது. பகலில் படம் போட்டாலோ வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. ஒருநாள் மாமி பொறுமையாக உட்கார்ந்து வெறும் சுவரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“நல்ல சுவர் மருமகன். நாங்கதானே கட்டினது. ஒரே ஒரு படம் எனக்கு முழுசாக் காட்டுங்க பாப்பம். இல்லாட்டி மறுகா இந்தப் பெட்டி பழைய இரும்புக்காரனுக்குத்தான்.”

படப்பெட்டி ஆடிப்போனான். சோறு இறங்கவில்லை. அப்போதுதான் வாவிக்கு அக்கரையில், படுவான்கரை வயல்வட்டை ஒன்றில் நெல் ஏற்றப் போன இடத்தில், பாறைக்கடியில் கீழே இறங்கும் ஒரு குகையைக் கண்டான். கண்டதும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

“மச்சான், பகல்லயும் கும்மிருட்டுடா! கடவுள் எனக்கெண்டே தோண்டி வெச்சிருக்கான்!”

“உள்ளுக்கு வவ்வால் கிடக்கேடா?”

“கிடக்கட்டும். அதுகளும் பாக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை ஜெனரேட்டர், வெள்ளை வேட்டி, பாய், மனைவி, மாமி எல்லாரையும் லான்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியில் ஏற்றி, மெஷினோடு மிதவைப் படகில் வாவியைக் கடந்தோம். படகுக்காரர் “என்ன, கலியாண வீடா?” என்று கேட்டார். “இல்ல தம்பி, குகைக்குப் போறன்” என்றார் மாமி, ஏதோ ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் மாதிரி.

புகைக்குப் பயந்து ஜெனரேட்டரை வெளியே மரநிழலில் வைத்து வயரை உள்ளே இழுத்தோம். வேட்டியில் படம் பளிச்சென்று விழுந்தது. மாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நல்லாத்தான் போனது. பாகன் செத்துப்போக, அவனுடைய யானை வாய்விட்டு அழும் கட்டம் வந்தது. பாருங்கள், அங்கேதான் கெட்டது குடி!

குகைக்குள் அந்தப் பிளிறல் சுற்றிச் சுற்றி முழங்கி, வெளியே போகும்போது ஒரு கூட்டமே பிளிறுவதுபோல் போயிருக்கிறது. அறுவடைக் காலம். வயல்காரர்கள் யானை என்றால் கனவிலும் எழுந்து ஓடுகிறவர்கள்.

“டேய், ஆனை பாறைக்குள்ள பூந்திட்டுடா!”

வாசலில் யானைவெடி ‘டமார்’ என்றது. வவ்வால்கள் எல்லாம் எங்கள் தலைக்கு மேலால் பறந்தன. தடியும் கத்தியுமாக ஒரு பட்டாளம் உள்ளே பாய்ந்தது. யாரோ வயரில் கால் தடுக்க, படம் அணைந்தது. படப்பெட்டி தலையில் கை வைத்தபடி “போச்சு மச்சான், என்ட பெட்டி போச்சு” என்று முனகினான்.

“எங்க ஆனை?” என்று இருட்டுக்குள் ஒரு குரல்.

“ஆனை படத்துக்குள்ள நிக்குது. இப்பதான் அழத் துவங்கினது, பாவம். ஆருடா நிப்பாட்டினது?” இது மாமி. “மறைக்காம எல்லாரும் குந்துங்க! மருமகன், போடுங்க படத்தை!”

தடிகளைக் கீழே வைத்துவிட்டு மொத்தப் பட்டாளமும் குந்தியது.

வெளியே ஓடிப் பார்த்தால், வயர் இழுபட்டதில் ஜெனரேட்டரில் பிளக் ஆட்டம் கண்டிருந்தது. கையால் அழுத்திப் பிடித்தால்தான் கரண்ட் போகும். படப்பெட்டி வெயிலில் குந்தி அதைப் பிடித்துக்கொண்டான். உள்ளே படம் மறுபடி ஓடத் தொடங்கியது.

“நான் பிடிக்கிறன். நீ போய் முடிவையாவது பாருடா” என்றேன்.

“வேணாம் மச்சான். கை மாத்தினா நிண்டிரும். மாமி சிரிக்கிறா, கேக்குதா?”

கேட்டது. குகையே சிரிப்பதுபோல் கேட்டது. அவன் முகத்தைப் பார்த்தேன். அந்தக் கிறுக்கனை வெயிலில் தனியே விட்டுவிட்டு உள்ளே போய்ப் படம் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் குந்திக்கொண்டேன்.